மெமரி ரெஃப்ரெஷ் அமைப்பு: டிஆர்இஎஃப்ஐ-யை எவ்வளவு நீட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும்

பயோஸின் மெமரி பக்கத்தில் உள்ள டைமிங் எண்களில் பெரும்பாலானவற்றைத் தவறாக வைத்தால் கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும். திரை வராது, அல்லது சோதனை தொடங்கிய சில நிமிடங்களில் பிழை வரும். மெமரி தன் தரவைப் புதுப்பித்துக்கொள்ளும் ரெஃப்ரெஷ் இடைவெளி (டிஆர்இஎஃப்ஐ, tREFI) மட்டும் அப்படியல்ல. அதை அளவுக்கு மீறி நீட்டிய கணினி, குளிர்ந்த நிலையில் எல்லாச் சோதனையிலும் தேறும். பிறகு ஒரு நாள், பெட்டிக்குள் சூடு ஏறிய நேரத்தில், ஒரே ஒரு பிட் மாறும். அந்த பிட் ஒரு கோப்புக்குள் இருந்தால், கெட்டுப்போனது தெரியாமலேயே அது டிஸ்க்கில் சேமிக்கப்பட்டுவிடும். இந்த அமைப்பை மாற்றுவதால் உண்மையான வேகம் கிடைக்கிறது. ஆனால் அந்த லாபத்தில் பெரும்பங்கு முதல் ஓரிரு படிகளிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஏறும்போது ஆபத்து மட்டுமே வளர்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

இரண்டு எண்கள்

டிராம் எனப்படும் மெமரி சிப்பில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்ன மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு வரிசையையும் குறிப்பிட்ட நேரத்துக்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும், இதுதான் ரெஃப்ரெஷ். மெமரிக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் எல்லா வரிசைகளும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை ரெஃப்ரெஷ் ஆக வேண்டும். இதை 8192 கட்டளைகளாகப் பிரித்து அனுப்புவதால், இரு கட்டளைகளுக்கு இடையே சுமார் 7.8 மைக்ரோ நொடி வருகிறது. டிடிஆர்5-ல் இது 32 மில்லி நொடி, 3.9 மைக்ரோ நொடி. சிப்பின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பதும் தரத்திலேயே இருக்கிறது.

அந்த இடைவெளிதான் டிஆர்இஎஃப்ஐ. ஒரு ரெஃப்ரெஷ் கட்டளை முடிய எடுக்கும் நேரம் டிஆர்எஃப்சி (tRFC). அந்த நேரம் முழுக்க அந்த ரேங்க் (ஒன்றாக இயங்கும் சிப்புகளின் தொகுதி) எந்த வேலைக்கும் பதில் சொல்லாது. சிப்பின் கொள்ளளவு கூடக்கூட டிஆர்எஃப்சியும் கூடும். டிடிஆர்4-ல் 4 ஜிகாபிட் சிப்புக்கு 260 நானோ நொடி, 8 ஜிகாபிட்டுக்கு 350, 16 ஜிகாபிட்டுக்கு 550. டிடிஆர்5-ன் 16 ஜிகாபிட் சிப்புக்கு 295.

ஆக, டிஆர்எஃப்சி குறைந்தால் வேகம் கூடும். டிஆர்இஎஃப்ஐ கூடினால் வேகம் கூடும். மற்ற டைமிங் எண்களையெல்லாம் குறைத்துப் பழகியவர்கள் டிஆர்இஎஃப்ஐ-யையும் பழக்கதோஷத்தில் குறைத்துவிடுவதுண்டு. கெடுதல் ஒன்றும் வராது, வேகம்தான் போகும்.

நானோ நொடியில் யோசியுங்கள்

பயோஸ் கேட்பது கிளாக் எண்ணிக்கை. சிப்புக்குப் புரிவது நேரம். பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டிடிஆர் எண்ணில் பாதிதான் கிளாக் வேகம்: டிடிஆர்4-3200 என்றால் 1600 மெகாஹெர்ட்ஸ், டிடிஆர்5-6000 என்றால் 3000 மெகாஹெர்ட்ஸ். நானோ நொடியை டிடிஆர் எண்ணால் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் கிளாக் எண்ணிக்கை கிடைக்கும்.

டிடிஆர்4-3200-ல் 350 நானோ நொடி என்பது 560 கிளாக், 7.8 மைக்ரோ நொடி என்பது 12480. டிடிஆர்4-3600-ல் அதே நேரங்கள் 630, 14040 ஆகின்றன. டிடிஆர்5-6000-ல் 295 நானோ நொடி 885 ஆகவும், 3.9 மைக்ரோ நொடி 11700 ஆகவும் வரும். வேறொருவரின் ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்த எண்ணை அப்படியே உங்கள் பயோஸில் போடாதீர்கள். அவருடைய வேகமும் சிப்பும் வேறாக இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இப்போது டிஆர்எஃப்சியை டிஆர்இஎஃப்ஐ-யால் வகுத்தால், ரெஃப்ரெஷுக்காக மெமரி எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பது தெரியும். 8 ஜிகாபிட் டிடிஆர்4-ல் 350-ஐ 7800-ஆல் வகுத்தால் 4.5 சதவீதம். 16 ஜிகாபிட் டிடிஆர்4-ல் 7 சதவீதம். 16 ஜிகாபிட் டிடிஆர்5-ல், எல்லா பேங்குகளையும் (சிப்பின் உட்பிரிவுகள்) ஒன்றாக ரெஃப்ரெஷ் செய்யும் முறையில், 7.6 சதவீதம்.

8 ஜிகாபிட் டிடிஆர்4-3200-ஐயே எடுத்துக்கொள்வோம். டிஆர்இஎஃப்ஐ-யை இரட்டிப்பாக்கி 24960 வைத்தால் இழப்பு 4.5-லிருந்து 2.2 சதவீதமாகிறது. மறுபடி இரட்டித்தால் 1.1. பல மதர்போர்டு பலகைகள் ஏற்கும் உச்சமான 65535-ல் 0.85. முதல் இரட்டிப்பு இரண்டேகால் சதவீதப் புள்ளியைத் தருகிறது. அதற்கடுத்தது அதில் பாதியைத்தான் தருகிறது. கடைசித் தாவலில் கிடைப்பது கால் புள்ளி. ஆனால் ஒரு வரிசை ரெஃப்ரெஷுக்காகக் காத்திருக்கும் நேரம் 64 மில்லி நொடியிலிருந்து 128, 256 என ஏறி 335-ஐத் தொடுகிறது. சில இன்டெல் டிடிஆர்5 பலகைகள் 262143 வரை ஏற்கும். டிடிஆர்5-6000-ல் அது 716 மில்லி நொடி, தரம் சொல்லும் நேரத்தைப்போல் 22 மடங்கு. அதில் கிடைக்கும் கூடுதல் லாபத்தை அளந்து பிடிப்பதே கடினம்.

சராசரியைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ரெஃப்ரெஷ் தொடங்கிய நொடியில் வந்து சேரும் ஒரு கோரிக்கை டிஆர்எஃப்சி முழுவதும் காத்திருக்க வேண்டும். வழக்கமாக 70, 80 நானோ நொடியில் வரவேண்டிய பதில் 400-ஐத் தாண்டும். விளையாட்டுகளில் சராசரி ஃபிரேம் விகிதத்தைவிட, மிகக் குறைந்த 1 சதவீத ஃபிரேம்களில் இந்த மாற்றம் அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை வைப்பதற்கு முன்

சிப் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிபியு-இசட் மென்பொருளின் எஸ்பிடி பக்கமோ (மாட்யூல் தன்னைப் பற்றி வைத்திருக்கும் விவரங்கள்) தைஃபூன் பர்னர் மென்பொருளோ காட்டும். மாட்யூலின் மேல் ஒட்டியிருக்கும் பிராண்ட் பெயர் போதாது; ஒரே மாடல் எண்ணில் வெவ்வேறு சிப்புகள் வருவதுண்டு. இரண்டு வகை மாட்யூல்கள் கலந்திருந்தால், இரண்டில் மெதுவான சிப்புக்கு ஏற்றபடிதான் டிஆர்எஃப்சி வைக்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். டிடிஆர்5 மாட்யூல்களில் எஸ்பிடி ஹப்புக்குள்ளேயே வெப்ப உணரி இருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் அதைப் படிக்கும். டிடிஆர்4-ல் எல்லா மாட்யூலிலும் இருக்காது. உணரி இல்லாத மாட்யூல் என்றால், டிஆர்இஎஃப்ஐ-யை முதல் இரட்டிப்புக்கு மேல் கொண்டுபோகவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கசிவு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இருமடங்காகிறது. 45 டிகிரியில் சோதித்த அமைப்பு 65 டிகிரிக்குப் போனால், அதே மின்தேக்கி கால்வாசி நேரமே தாக்குப்பிடிக்கும்.

எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவில் (மாட்யூலில் தயாரிப்பாளர் வைத்திருக்கும் வேக அமைப்பு), ரெஃப்ரெஷைத் தொடாத நிலையில், கணினி ஒரு முழுச் சோதனையைப் பிழையில்லாமல் முடிக்க வேண்டும். அடிப்படையே ஆட்டம் கண்டிருந்தால், பின்னால் வரும் பிழை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. தேவையான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். தற்போதைய அமைப்பைப் பயோஸில் ஒரு புரொஃபைலாகச் சேமியுங்கள். பயோஸ் அமைப்பை அழித்து இயல்புநிலைக்குக் கொண்டுவரும் சிமாஸ் கிளியர் ஜம்பர் எங்கே இருக்கிறது என்பதை இப்போதே பார்த்துவைத்தால் நல்லது.

முதலில் டிஆர்எஃப்சி

டிஆர்எஃப்சியிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அது தவறினால் வேகமாகவும் சத்தமாகவும் தவறும் என்பதே. மிகக் குறைவாக வைத்தால் வரிசைகள் முழுதாகத் திரும்ப எழுதப்படும் முன்பே அடுத்த வேலை வந்து விழும். திரை வராமல் போகும், இல்லையென்றால் சில நிமிடங்களில் பிழைகள் குவியும்.

10 நானோ நொடி அளவில் (டிடிஆர்4-3200-ல் 16 கிளாக்) படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நேராக விண்டோஸுக்குள் போகாதீர்கள். முதலில் யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற மெமரி சோதனை ஓடட்டும். கெட்ட மெமரியோடு இயங்குதளம் ஏறினால், ரெஜிஸ்ட்ரியோ கோப்பு அமைப்போ சிதைந்து, மெமரியைச் சரிசெய்த பிறகும் பிரச்சினை தொடரும்.

எவ்வளவு இறங்கும் என்பது சிப்பைப் பொறுத்தது. கீழே வரும் பி-டை, சிஜேஆர் போன்றவை சிப் வகைகளின் பெயர்கள். டிடிஆர்4-ல் சாம்சங் பி-டை போதிய மின்னழுத்தத்தில் 160 நானோ நொடிக்கும் கீழே போகும். ஹைனிக்ஸ் சிஜேஆர் சுமார் 260-ல் நிற்கும். மைக்ரான் ரெவ்-ஈ 300-ஐ ஒட்டியே நின்றுவிடும். டிடிஆர்5-ல் ஹைனிக்ஸின் 16 ஜிகாபிட் எம்-டை சுமார் 160 வரையும், ஏ-டை சுமார் 120, 130 வரையும் இறங்குகின்றன. பி-டையில் மின்னழுத்தம் ஏற்றினால் டிஆர்எஃப்சி இறங்கும்; மைக்ரானில் அந்தப் பலன் கிட்டத்தட்ட இல்லை, ஏற்றிய மின்னழுத்தம் சூட்டை மட்டும் கூட்டும். பிழை வந்த எண்ணிலிருந்து 20 நானோ நொடி மேலே ஏற்றி அங்கே நிறுத்துங்கள்.

பயோஸில் டிஆர்எஃப்சி2, டிஆர்எஃப்சி4 என்றும் இருக்கும். டிடிஆர்4-ல் இவை ரெஃப்ரெஷைச் சிறு துண்டுகளாக அடிக்கடி செய்யும் நுண் ரெஃப்ரெஷ் முறைக்கானவை, வழக்கமான முறையில் பயன்படுவதில்லை, ஆட்டோவில் விடுங்கள். டிடிஆர்5-ல் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே டிஆர்எஃப்சி2-உம், ஒரு பேங்கை மட்டும் ரெஃப்ரெஷ் செய்யும் டிஆர்எஃப்சிஎஸ்பி-யும் (இன்டெல் பலகைகளில் டிஆர்எஃப்சிபிபி) பயன்முறைக்கு ஏற்ப வேலை செய்யும். உங்கள் பலகையில் எது உயிரோடு இருக்கிறது என்று அறிய, ஒன்றை மட்டும் மாற்றி லேட்டன்சியை (மெமரி பதில் தர எடுக்கும் நேரம்) அளந்து பாருங்கள். எண் மாறியும் லேட்டன்சி அசையவில்லை என்றால் அந்த எண் பயன்பாட்டில் இல்லை.

பிறகு டிஆர்இஎஃப்ஐ

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பலகைகளில் இந்த அமைப்பு பொதுவாகத் தெரியவே தெரியாது. டிஆர்எஃப்சியோடு வேலை முடிந்தது. லேப்டாப் பயோஸ்களிலும் பெரும்பாலும் இருக்காது. இன்டெல் மேசைக்கணினிப் பலகைகளிலும் ஏஎம்டியின் புதிய ஏஎம்5-லும் இருக்கும்.

முதல் படி, உங்கள் வேகத்துக்குரிய இயல்பு எண்ணை இரட்டிப்பாக்குவது: டிடிஆர்4-3200-ல் 24960, டிடிஆர்5-6000-ல் 23400. இரண்டாவது இரட்டிப்புக்குப் போவதென்றால், கடும் வேலையிலும் மாட்யூல் வெப்பம் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு போங்கள். டிடிஆர்5-6000-ல் அது 46800, இழப்பு 7.6-லிருந்து 1.9 சதவீதமாகிவிடும். தினசரி வேலைக்கான கணினியில் அதற்குமேல் போக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 65535 என்ற எண்ணைப் பலரும் இலக்காகவே நினைக்கிறார்கள். அது 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண், அவ்வளவுதான். சிப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்டெல் பலகையில் பக்கத்திலேயே டிஆர்இஎஃப்ஐ-எக்ஸ்9 என்று ஒன்று இருக்கும். மெமரியை இயக்கும் கண்ட்ரோலர் வேலை மிகுதியில் ரெஃப்ரெஷ் கட்டளைகளைச் சற்றே தள்ளிப்போடலாம். டிடிஆர்4-ல் எட்டு வரை தரம் அனுமதிக்கிறது. அந்த ஒத்திவைப்பின் எல்லைதான் இந்த எண். ஆட்டோவில் விடுங்கள்.

மாற்றியபின், இன்டெலில் ஏஎஸ்ராக் டைமிங் கான்ஃபிகரேட்டர், ஏஎம்டியில் ஜென்டைமிங்ஸ் கொண்டு எண் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சில பயோஸ்கள் எண்ணை வாங்கிக்கொண்டு பழையதிலேயே ஓடும்.

சோதனை: சூட்டில், முழு மெமரியில், மறுபடியும்

ஒரு வரிசையைப் படித்தாலே அதன் மின்னூட்டம் புதுப்பிக்கப்பட்டுவிடும். ஆகவே சின்னப் பகுதியையே திரும்பத் திரும்பப் படிக்கும் சோதனை, பலவீனமான வரிசையைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கும். சோதனை கிட்டத்தட்ட முழு மெமரியையும் பிடித்திருக்க வேண்டும். மெம்டெஸ்ட்86-ல் உள்ள பிட் ஃபேட் சோதனை இதற்கென்றே அமைந்தது: மெமரி முழுக்க ஒரே வடிவத்தை எழுதி, சில நிமிடங்கள் சும்மா விட்டு, பிறகு படித்துப் பார்க்கும். அவசரத்தில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். ரெஃப்ரெஷைத் தொட்டவர் அதைக் கட்டாயம் ஓட்ட வேண்டும். பக்கத்து வரிசைகளை இடைவிடாமல் தட்டிப் பார்க்கும் ஹேமர் சோதனையும் அதிலேயே உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

அதன்பின் விண்டோஸில் டெஸ்ட்மெம்5 அல்லது கர்ஹு மெமரி சோதனை. பெட்டியை மூடி, கூடவே கிராஃபிக்ஸ் கார்டுக்கும் முழு வேலை கொடுங்கள். மெமரி மட்டும் ஓடும் சோதனையில் 42 டிகிரி காட்டும் மாட்யூல், கிராஃபிக்ஸ் கார்டின் சூடான காற்று மேலே ஏறும்போது 55-ஐத் தொடலாம். வெப்பம் ஏறி ஓரிடத்தில் நின்றபிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினால் சோதித்ததாக ஆகாது.

இதெல்லாம் தேறினாலும் சில நாட்கள் கழித்து மறுபடி ஓட்டுங்கள். இது வெறும் எச்சரிக்கை உணர்வுக்காகச் சொல்வதல்ல. டிராம் செல்களில் சில, மின்னூட்டத்தைத் தாங்கும் நேரம் ஒரே அளவாக இல்லாமல் நீண்ட நிலைக்கும் குறுகிய நிலைக்கும் தற்செயலாகத் தாவும். இன்று தேறிய செல் அடுத்த வாரம் குறுகிய நிலையில் இருக்கலாம். ஒரே ஒரு சோதனையின் தேர்ச்சியை வைத்து ஓரத்தில் நிற்கும் எண்ணை நம்பக் கூடாது என்பதற்கும், பிழை வந்த எண்ணுக்கும் பயன்படுத்தும் எண்ணுக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

டிடிஆர்5-ல் இன்னொரு சிக்கல். சிப்புக்குள்ளேயே 128 பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட் வைத்து ஒற்றை பிட் பிழையைத் திருத்தும் வசதி இருக்கிறது. திருத்தியதை அது உங்களிடம் சொல்லாது. பலவீனமான செல் ஒன்று ஏற்கனவே தவறிக்கொண்டிருக்கும்போதும் சோதனைத் திரை பச்சையாகவே இருக்கும். அதே 128 பிட்டில் இரண்டாவது ஒன்று தவறும்போதுதான் வெளியே தெரியும்.

பிழை வந்தால் அதன் சுபாவத்தைக் கவனியுங்கள். குளிர்ந்த நிலையிலேயே, சில நிமிடங்களுக்குள், கூட்டமாக வந்தால் டிஆர்எஃப்சியைச் சந்தேகியுங்கள். நெடுநேரம் கழித்து, சூடேறியபின், ஒற்றையாக, பெரும்பாலும் ஒரே முகவரியில் வந்தால் அது டிஆர்இஎஃப்ஐ. உறுதிசெய்ய, மாட்யூல் மேல் ஒரு விசிறியை வையுங்கள். பிழை மறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் விசிறியைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்ணை இறக்குங்கள். விசிறி ஒரு நாள் நிற்கும்.

நம்பகம் முக்கியமான இடத்தில்

சர்வர், கணக்குப் புத்தகம், ஆய்வுத் தரவு, பிறரின் கோப்புகள் இருக்கும் கணினி எதிலும் டிஆர்இஎஃப்ஐ-யை நீட்டாதீர்கள். அங்கே தேவைப்படுவது சில சமயம் எதிர்த்திசை. சர்வர் பயோஸில் ரெஃப்ரெஷ் விகிதம் ஒருமடங்கு, இருமடங்கு என்றிருக்கும். இன்டெல் மேசைக்கணினிகள் சிலவற்றிலும் சூட்டுக்கேற்ப இருமடங்காக்கும் அமைப்பு உண்டு. சிப் வெப்பம் 85-ஐ நெருங்கும் இடத்தில் இருமடங்கு அவசியம். மற்ற இடங்களில் அதன் விலையையும் பாருங்கள்: 16 ஜிகாபிட் டிடிஆர்4-ல் இடைவெளியைப் பாதியாக்கினால் இழப்பு 14 சதவீதம். காற்றோட்டத்தைச் சரிசெய்து வெப்பத்தை இறக்குவது அதைவிட மலிவு.

இசிசி (பிழையைக் கண்டறிந்து திருத்தும்) மெமரி இருந்தால் திருத்தப்பட்ட பிழைகளின் பதிவைப் படியுங்கள்: லினக்ஸில் ஈடேக் அல்லது ராஸ்டீமன், விண்டோஸில் ஈவென்ட் வியூவர். ஒரே மாட்யூலில் பிழைகள் தொடர்ந்து வந்தால் ரெஃப்ரெஷை இருமடங்காக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பலவீனமான செல். மாட்யூலை மாற்றும்வரை இருமடங்கு தாக்குப்பிடிக்கும். நிற்கவில்லை என்றால் ஸ்லாட், தொடர்பு முனை, கண்ட்ரோலர் பக்கம் தேடுங்கள். இசிசி இல்லாத சாதாரணக் கணினியில் காரணம் தெரியாத பிழைகள் வந்தாலும் இதே வழி உதவும். டிஆர்இஎஃப்ஐ-யைப் பாதியாக்கிப் பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. ஒரு வரிசையை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் திறந்தால் பக்கத்து வரிசையின் பிட்டுகள் மாறும் என்பதை 2014-ல் வெளியான ரோஹேமர் ஆய்வு காட்டியது. 2015-ல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ அதை வைத்து இயங்குதளத்தின் உச்ச அதிகாரத்தையே பிடித்துக் காட்டியது. தாக்குபவர், பாதிக்கப்படும் வரிசை ரெஃப்ரெஷ் ஆவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இடைவெளியை நான்கு மடங்காக்கினால் அவருக்கு நான்கு மடங்கு அவகாசம் தருகிறோம். சிப்புக்குள் உள்ள தற்காப்பும் ரெஃப்ரெஷ் கட்டளை வரும்போதுதான் வேலை செய்கிறது; கட்டளை குறைந்தால் தற்காப்பும் குறையும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் இதை நீட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

வேகத்தை மாற்றினால்

மெமரி வேகத்தை ஏற்றினாலோ இறக்கினாலோ இரண்டு எண்களையும் மறுபடி கணக்கிடுங்கள். வேகத்தை ஏற்றும்போது டிஆர்எஃப்சி உதைக்கும்: 3200-ல் 350 நானோ நொடியாக இருந்த 560 கிளாக், 3600-ல் 311 ஆகிவிடும். வேகத்தை இறக்கும்போது டிஆர்இஎஃப்ஐ உதைக்கும், இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. கணினி தடுமாறுகிறதே என்று பாதுகாப்புக்காக 3200-லிருந்து 2133-க்கு இறக்கிவிட்டு, 65535-ஐ அப்படியே விட்டால், ஒரு வரிசை காத்திருக்கும் நேரம் 335-லிருந்து 503 மில்லி நொடியாகிறது. பிழை கூடும், மாட்யூலே போய்விட்டது என்று தோன்றும். பிழை தேடும் வேளையில் முதலில் டிஆர்இஎஃப்ஐ-யை ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டு, அதன் பிறகு வேகத்தில் கை வையுங்கள். பயோஸைப் புதுப்பித்தாலும் மாட்யூல் சேர்த்தாலும் பழைய புரொஃபைலை அப்படியே ஏற்றாமல், ஆட்டோவில் ஒரு முழுச் சோதனை முடித்துவிட்டு எண்களைத் திரும்ப வையுங்கள்.